வீட்டிலே பிறக்கும் மின்னும் வெந்நீரும்

சோறு வடித்த கஞ்சியையும் வீணாக்காது பயன்கொள்ளுதல் நல்ல இல்லாளின் சிக்கனமாகும். ஆனால், அவள் வீட்டுக்கு ஒளி தரும் மின்னிலையங்களோ அச்சிக்கனத்தை அறிந்தனவல்ல. நிலக்கரியையோ எண்ணெயையோ எரித்து மின்சாரம் ஆக்கும் நிலையங்கள் பலவற்றில், எரிபொருளின் ஆற்றலிற் பாதிக்கு மேற்பட்ட பங்கு வெறுஞ் சூடாகி, குளிரூட்டும் நீரோடும் புகையோடும் கழிந்துவிடுகின்றது. மின்சாரத்தைக் கம்பி வழியே நெடுந்தூரம் அனுப்பலாம். சூட்டை அவ்வாறு அனுப்புதல் இயலாது.

அப்படியாயின், மின்சாரத்தை வீட்டிலேயே ஆக்கினால் அச்சூடும் வீட்டுக்கே பயன்படுமன்றோ? இவ்வினாவுக்குச் செயலால் விடை கண்டவர்களுள் யப்பானியர் முன்னிற்கின்றனர். 2003 ஆம் ஆண்டில், ஹொண்டா நிறுவனத்தாரின் சிறிய வாயுப் பொறியைக் கொண்ட 'எக்கோவில்' என்னும் சாதனம் அங்கு விற்பனைக்கு வந்தது. அது 1 கிலோவாற்று மின்சாரத்தை ஆக்கி, பொறியின் சூட்டினால் வெந்நீரையும் தந்தது. அதன் விற்பனை 2017 இல் முடிவுற்றது. அதற்கு முன்னரே, 2009 இல், 'எனே பார்ம்' என்னும் வேறொரு சாதனம் தோன்றியிருந்தது.

இதில் மின்சாரம் ஆக்கச் சுழலும் பொறி இல்லை. குழாய் வழி வரும் வாயுவை நீராவியோடு சேர்த்து ஐதரசனைப் பிரித்தெடுக்கின்றனர். அந்த ஐதரசன் எரிபொருட் கலத்தினுள்ளே காற்றிலுள்ள ஒட்சிசனோடு கூடும்போது மின்சாரமும் சூடும் நீரும் பிறக்கின்றன. 2013 ஆம் ஆண்டின் பனசோனிக் மாதிரி ஒன்றில், எரிபொருளின் ஆற்றலில் நூற்றுக்கு 39 பங்கு மின்சாரமாகவும் 56 பங்கு சூடாகவும் பெறப்படுமென ஆக்கியோர் கணக்குக் காட்டினர்.

யப்பானிய இல்லறத்துக்கு இது நன்கு பொருந்தியதற்குக் காரணம் அவர்தம் நீராட்டு வழக்கமே. மாலையில் உடலைக் கழுவித் தூய்மை செய்தபின், ஆழ்ந்த தொட்டியிலுள்ள வெந்நீரில் குடும்பத்தார் ஒருவர்பின் ஒருவராக அமிழ்ந்திருப்பர். பகலில் சேர்ந்த சூடு மாலையில் அவர்களுக்குப் பயனாகின்றது.

எனினும், குறைகளையும் நாம் சொல்லாது விடலாகாது. தொடக்கத்தில் இதன் விலை 30 இலட்சம் யென்னுக்கும் மேற்பட்டிருந்தமையால் அரசு மானியம் வழங்க நேர்ந்தது. 2011 மார்ச் 11 இல் நிகழ்ந்த பெருநிலநடுக்கத்தின் பின் மின்சாரம் தடைப்பட்டபோது, மின்னாக்கும் இச்சாதனம் இருந்த வீடுகளும் பொதுவாக இருளிலேயே ஆழ்ந்தன. வெளி மின்சாரத்தின் துணையின்றி இயங்கும் அமைப்பு அக்காலத்துச் சாதனங்களில் இல்லை. அத்துன்பத்தின் பின்னரே, தடைக்காலத்திலும் தொடர்ந்து இயங்கவல்ல மாதிரிகள் வெளிவந்தன. மேலும், எரிபொருள் நிலத்தடி வாயுவாக இருக்கும்வரை கரியமிலவாயு வெளியேறுதலும் முற்றாக ஒழியாது.

யாவற்றினும் பெரிய நிபந்தனை ஒன்றுண்டு. சூட்டுக்கு வேலை இருத்தல் வேண்டும். வெந்நீர்த் தொட்டி நிரம்பியபின் சேரும் சூட்டைக் கொள்வாரில்லையெனில் இந்த இலாபம் தேய்ந்துபோகும். குளிர்காலமும் வெந்நீராட்டும் உள்ள வீட்டுக்குச் செல்வமாவது, ஆண்டு முழுதும் வெயில் காயும் நாட்டு வீட்டுக்கு வீண்செலவாகலாம். ஆதலால், பிறநாட்டுப் புதுமையொன்றைக் கேள்வியுறும்போது, 'அது எத்துணைச் சிறந்தது?' என வினவுமுன், 'அது தருவதனைத்தும் நம் வீட்டிற் செலவாகுமா?' என எண்ணிப் பார்த்தல் இல்லறத்தார்க்கு நன்று.