கார் போயிற்று; பெயர் போகவில்லை!

காரை விற்றாயிற்று. பணத்தை வாங்கியாயிற்று. சாவியையும் கொடுத்தாயிற்று. வாங்கியவர் வண்டியை ஓட்டிக்கொண்டு தெருமுனை திரும்பியதும், "அப்பாடா, ஒரு தொல்லை விட்டது" என்று வீட்டுக்குள் வருகிறோம். உண்மையில் விட்டதா? "அவசரப்படாதீர்கள்" என்கிறது சட்டம்.

1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி, பொதுவாக வண்டி யார் பெயரில் பதிவாகியிருக்கிறதோ அவரே அதன் சொந்தக்காரர். பணம் கொடுத்தவர் யார், வண்டி இப்போது யார் வீட்டு வாசலில் நிற்கிறது என்பதெல்லாம் பிறகுதான்.

ஒரு வழக்கைக் கேளுங்கள். 2007-ல் ஒருவர் தம் காரை விற்றார். வாங்கியவர் அதை இன்னொருவருக்குக் கைமாற்றினார், அவர் மற்றொருவருக்கு. கார் ஊர் சுற்றியது. ஆர்.சி.யில் மட்டும் முதல் ஆசாமியின் பெயரே இருந்தது. 2009 மே மாதத்தில் அந்தக் கார் பின்னோக்கி வந்து, தெருவில் நடந்து போன ஒரு பெண்மணியையும், கூட வந்த உறவுப் பையனையும் மோதிற்று. பையன் இறந்து போனான். நஷ்டஈட்டை யார் கொடுப்பது? "நான் விற்று எத்தனையோ நாளாயிற்றே!" என்றார் முதல் ஆசாமி. ஹைக்கோர்ட்டு அவரை விடுவித்தது. ஆனால் சுப்ரீம் கோர்ட்டு 2018 பிப்ரவரியில் அந்தத் தீர்ப்பை மாற்றி, பதிவில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று சொல்லிவிட்டது. அடிபட்டவர்கள் வண்டி எத்தனை கை மாறிற்று என்று தேடி அலைய முடியாது என்பது கோர்ட்டார் கூறிய காரணம். நியாயம்தானே? பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் தரகர் வீடு தரகர் வீடாகவா ஏறி இறங்குவார்கள்?

புது வண்டி வாங்கும்போது நாள் பார்க்கிறோம். சக்கரத்தின் கீழ் எலுமிச்சம்பழம் வைக்கிறோம். விற்கும்போது மட்டும் ஏனோ எல்லாம் அவசரம்.

அதே மாநிலத்துக்குள் விற்றால், விற்றவர் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ. ஆபீசுக்குத் தெரிவிக்க வேண்டும். அதற்கு 29-ம் எண் படிவம். வாங்கியவருக்கு 30 நாள் தவணை. அவருக்கு 30-ம் எண் படிவம். வேறு மாநிலத்துக்குப் போகும் வண்டியானால் ஆட்சேபணையில்லாச் சான்றும் வேண்டும். பாங்கியில் கடன் இருந்தால் முதலில் அதைத் தீர்த்து, ஆர்.சி.யில் உள்ள கடன் குறிப்பை நீக்க 35-ம் எண் படிவம் கொடுக்க வேண்டும்.

இங்கேதான் தரகர் நுழைகிறார். "சார், கையெழுத்தை மட்டும் போடுங்கள். மற்றதை நான் பூர்த்தி செய்துகொள்கிறேன்" என்பார். வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்! அவருக்கு நல்ல கிராக்கி கிடைக்கும் வரை அந்தக் காகிதம் மேஜை டிராயரில் தூங்கும். வண்டி தூங்காது. வாங்குகிறவரின் பெயர், விலாசம், தேதி எல்லாவற்றையும் உங்கள் எதிரிலேயே எழுதச் சொல்லுங்கள். அவருடைய அடையாள அட்டையின் நகலையும் வாங்கி வையுங்கள்.

வண்டியை ஒப்படைத்ததற்கு ஒரு சீட்டு எழுதி இருவரும் கையெழுத்திடுவது நல்ல வழக்கம். அதில் தேதியோடு மணியையும் எழுதுங்கள். மாலை 5 மணிக்கு ஒப்படைத்த வண்டி 6 மணிக்குச் சிவப்பு விளக்கைத் தாண்டினால், அபராதச் சீட்டு உங்கள் பெயருக்கே வரும். அப்போது அந்த ஒரு மணி நேரம் பேசும். ஆனால் பெயர் மாற்றத்துக்கு இந்தச் சீட்டு ஈடாகாது.

ரொக்க விஷயத்திலும் ஜாக்கிரதை. ஒரு விற்பனைக்கு 2 லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று 2017 முதல் வருமான வரிச் சட்டத்தில் தடை வந்தது. வாங்கிய தொகை எவ்வளவோ, அவ்வளவும் அபராதமாகலாம், அதுவும் வாங்கியவருக்கே! பாங்கி மூலம் வாங்குங்கள். கணக்கில் பணம் வந்து சேர்ந்த பிறகு சாவியைக் கொடுங்கள்.

கோரிக்கை இல்லாமல் பல வருஷம் ஓட்டியதற்கு இன்ஷூரன்ஸில் கிடைக்கும் சலுகை உங்களுடையது, காரோடு போவதல்ல. அதற்குக் கம்பெனியிடம் கடிதம் வாங்கிக்கொண்டால் அடுத்த காருக்கு உதவும். கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பாஸ்டேக்கையும் மறக்காமல் ரத்து செய்யுங்கள். இல்லாவிட்டால் அவர் போகும் சுங்கச் சாவடிக்கெல்லாம் உங்கள் பணம் போகும்.

ஒரு மாதம் கழிந்ததும் போக்குவரத்துத் துறையின் பதிவேட்டில் உங்கள் பழைய வண்டியின் எண்ணைப் போட்டுப் பாருங்கள். பெயர் மாறாமல் இருந்தால் அன்றைக்கே வாங்கியவருக்குப் போன் செய்யுங்கள். "நாளைக்கு" என்று அவர் சொன்னால், படிவத்தின் நகலோடு மறுநாள் நீங்களே ஆர்.டி.ஓ. ஆபீசுக்குப் போய்விடுங்கள்.