போர்க்லிப்ட்டா, ரெலிஹான்ட்லரா? கேட்க வேண்டியது எடையை மட்டுமல்ல

வடக்கு கிழக்கிலிருந்து வளைகுடா நாடுகளுக்குக் கட்டட வேலைக்குப் போகும் இளைஞர்களையும், அவர்களின் உழைப்பை நம்பியிருக்கும் வீடுகளையும் மனதில் வைத்தே இதை எழுதுகிறேன்.

கரடுமுரடான நிலத்தில் ஓடும் போர்க்லிப்ட் பெரிய ரயர்களில் நின்று பாரத்தை நேராக மேலே தூக்கும். லொறியிலிருந்து கல், சீமெந்து இறக்கி அருகில் அடுக்க அது போதும். ஆனால் கிடங்குக்கு அப்பால் எட்டாது.

ரெலிஹான்ட்லருக்கு நீளும் கை உண்டு. வளைகுடாவில் பலர் அதை ஒரு பிரெஞ்சு நிறுவனத்தின் பெயரால் 'மனிற்றூ' என்பார்கள். தடையைத் தாண்டி மேல்மாடியிலும் பாரத்தை வைக்கும். ஆபத்தும் அந்தக் கையில்தான். கை முன்னோக்கி நீள நீள, தூக்கக்கூடிய எடை குறையும். 4 தொன் என எழுதியிருக்கும் இயந்திரம், கை முழுதாக நீண்டால் 1 தொன்னைக்கூடத் தாங்காமல் கவிழலாம். 50 கிலோ சீமெந்துப் பை 40 சேர்ந்தாலே 2 தொன்.

ஆகவே பாரம் எவ்வளவு, எவ்வளவு உயரம், எவ்வளவு தூரம் என்று மூன்றையும் கேளுங்கள். ஓட்டுநர் இருக்கையருகே உள்ள பார அட்டவணையைப் பாருங்கள். மேற்பார்வையாளர் அவசரப்படுத்தினாலும் அட்டவணையை மீறாதீர்கள். சரிந்த நிலத்தில் கையை உயர்த்தாதீர்கள். இருக்கைப் பட்டியை அணியுங்கள். இயந்திரம் கவிழ்ந்தால் வெளியே குதிக்காதீர்கள். குதிப்பவர்தான் பெரும்பாலும் அதன் அடியில் நசுங்குகிறார்.