புதுப் பூட்ஸ் ஏன் கடிக்கிறது?

கல்லூரியில் என்.சி.சி.யில் சேர்ந்த முதல் மழைக்காலம். மைதானத்தில் நனைந்த பூட்ஸ் விடிவதற்குள் காய வேண்டுமே என்று, சமையல் முடிந்த விறகடுப்பின் ஓரத்தில் வைத்துவிட்டுத் தூங்கிவிட்டேன். காலையில் எடுத்துத் தட்டினால் பலகையைத் தட்டியது போலச் சத்தம். விரல்கள் மடங்கும் இடத்தில் குறுக்கே ஒரு வெடிப்பு. அதைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் அணிவகுத்ததில் இரண்டு குதிகாலிலும் கொப்புளம். அன்று பூட்ஸைத்தான் திட்டினேன். கெடுத்தது அடுப்பு என்பது, தோலைப் பற்றிப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் புரிந்தது.

பறை அடிப்பவர்கள் ஆட்டத்துக்கு முன் வைக்கோலைக் கொளுத்திப் பறையைக் காய்ச்சுவதைப் பார்த்திருப்பீர்கள். ஈரம் வெளியேறியதும் தோல் சுருங்கி விறைக்கும். அடி கணீரென்று விழும். பறைக்கு அந்த விறைப்பு உயிர். பூட்ஸுக்கோ அதுவே பகை. அடுப்போரத்தில் நான் என் பூட்ஸைப் பறையாக்கிக்கொண்டிருந்தேன்.

தோல் என்பது ஒரே சீரான தகடு அல்ல. கொலாஜன் என்ற புரதத்தின் இழைகள் முன்னும் பின்னும் மேலும் கீழும் பின்னிக் கிடக்கும் அடர்ந்த வலை அது. ஒவ்வொரு கொலாஜன் மூலக்கூறும் மூன்று புரிகளை முறுக்கிய கயிறு போன்றது. இந்த முப்புரி அமைப்பை உலகுக்குச் சொன்னது சென்னை. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியராக இருந்த ஜி.என். ராமச்சந்திரன், கோபிநாத் கர்த்தாவுடன் சேர்ந்து 1954இல் ‘நேச்சர்’ இதழில் அதை வெளியிட்டார். ஆய்வுக்குத் தேவைப்பட்ட கங்காருவின் வால் தசைநாரை அவருக்குக் கொடுத்து உதவியது, 1948இல் தொடங்கப்பட்ட மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம். மனித உடலில் மிகுதியாக உள்ள புரதத்தின் வடிவம், ஒரு தோல் ஆராய்ச்சிக்கூடத்தின் துணையோடு இங்கே கண்டறியப்பட்டது. இதை நம் பிள்ளைகளுக்கு நாம் இன்னும் உரக்கச் சொல்ல வேண்டும்.

பதனிடாத தோல் ஈரமாக இருந்தால் அழுகும், காய்ந்தால் கட்டையாகும். பதனிடும்போது இழைகளுக்கு இடையே புதுப் பிணைப்புகள் விழுகின்றன. ஆவாரம் பட்டையிலும் கடுக்காயிலும் உள்ள டானின் நெடுங்காலமாகச் செய்துவந்த வேலையை, இன்று ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் பெரும்பாலும் குரோமிய உப்பு செய்கிறது. ஈரமான பச்சைத் தோல் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் சுருண்டுவிடும். பட்டையில் பதனிட்ட தோல் இன்னும் சற்றுத் தாங்கும். நன்றாகப் பதனிட்ட குரோம் தோல் கொதிநீரையே தாங்கும். ஆனால் குரோம் பூட்ஸை அடுப்பருகே வைக்கலாம் என்று இதற்குப் பொருள் இல்லை. நல்ல பூட்ஸ்களில் பாதம் பதியும் உள்அட்டை பெரும்பாலும் பட்டைத் தோல்தான். தவிர, குரோம் தோலும் ஈரத்தை வேகமாக இழந்தால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விறைத்துவிடும்.

ஒட்டாமல் காப்பது கொழுப்பு. அதனால்தான் டேனரிகளில் தோலைக் காயவைப்பதற்கு முன் பெரிய மர டிரம்மில் போட்டு எண்ணெய்க் கலவையோடு சுழற்றுகிறார்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தை வளைத்துப் பாருங்கள்: பக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்க, சுலபமாக வளையும். எல்லாப் பக்கங்களையும் பசையால் ஒட்டிவிட்டு வளைத்தால் அது அட்டைப் பலகை. ஒட்டிய தகட்டின் கனம் இரண்டு மடங்கானால் அதை வளைக்க எட்டு மடங்கு விசை வேண்டும். பூட்ஸின் தோல் இரண்டு, மூன்று மில்லிமீட்டர் கனம் இருக்கும். புதிதில் அதன் இழைகள் இன்னும் வழுக்கிப் பழகவில்லை. நாம் அடியெடுத்து வைக்கும்போதெல்லாம் விரல் மடிப்பருகே தோல் வளைய, அங்குள்ள இழைகள் நகர்ந்து இடம் பிடிக்கின்றன. பாதத்தின் சூடும் வியர்வையும் அவற்றை இளக்குகின்றன. இரவு கழற்றி வைத்தபின் ஈரம் மெல்ல வெளியேற, அந்தப் புது வடிவம் நிலைக்கிறது. பூட்ஸ் ‘பழகுவது’ இப்படித்தான்.

இதற்குள் அவசரப்பட்டால் நம் தோல்தான் பலியாகும். கொப்புளம் மேல்தோலின் வெளிப்பரப்பில் உரசலால் வருவதாக நினைக்கிறோம். உண்மையில் வியர்த்த தோல் காலுறையோடு ஒட்டி நின்றுவிட, உள்ளே எலும்பு மட்டும் முன்னும் பின்னும் நகர்கிறது. இடையில் இழுபடும் மேல்தோலின் உள்ளடுக்கு கிழிந்து, அந்த இடைவெளியில் நீர் சேர்கிறது. மெல்லிய காலுறை ஒன்றும் அதன்மேல் தடித்த காலுறை ஒன்றும் போடச் சொல்வது இதற்காகத்தான்: வழுக்கல் இரண்டு காலுறைகளுக்கு இடையே நடந்துவிடும். சர்க்கரை நோயால் பாதம் மரத்துப்போனவர்களுக்குப் பூட்ஸ் கடிப்பதே தெரியாது. அவர்கள் கனமான பூட்ஸை இப்படிப் பழக்க முயலவே வேண்டாம்.

எண்ணெய் விஷயத்தில் வீட்டுக்கு வீடு ஒரு வைத்தியம் உண்டு. தேங்காய் எண்ணெய் 24 டிகிரிக்குக் கீழே உறைந்துவிடும். ஊட்டிக் குளிரில் அது உங்கள் பூட்ஸுக்கு உதவாது. ஆளி விதை எண்ணெய் காற்றுப் பட்டால் இறுகும் ஜாதி, தொடவே கூடாது. நம் பாட்டிமார் புதுச் செருப்புக்குத் தடவிய விளக்கெண்ணெய் இறுகாது. அது நல்ல தேர்வுதான். மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுக்கும் எண்ணெயை மேல்நாட்டில் நெடுங்காலமாகப் பூட்ஸுக்குப் பூசிவருகிறார்கள். உடலின் குளிர்ந்த முனையான காலில் இருக்கும் கொழுப்பு என்பதால் அது குளிரிலும் எளிதில் உறைவதில்லை. தேன்மெழுகு கலந்த பசை மழைநீரைத் தடுக்கும்.

எதுவானாலும் துணியில் ஒரு துளி தொட்டு, தூசு துடைத்த தோலில் மெல்லத் தேய்த்தால் போதும். ஊறும் அளவுக்கு ஊற்றினால் இழைகள் அளவுமீறி வழுக்கும். கணுக்காலைத் தாங்க வேண்டிய பூட்ஸ் தொளதொளத்துவிடும். துணி சோப்பில் ஒருபோதும் கழுவாதீர்கள். தோல் அமிலத்தன்மை கொண்டது, சோப்பு காரம். பதனிட்ட பிணைப்புகளையே அது தளர்த்தும். நனைந்த பூட்ஸுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து, மின்விசிறிக்குக் கீழே நிழலில் வையுங்கள். தாள் ஈரமானதும் மாற்றுங்கள். இரண்டு நாள் ஆகட்டும்.

மலையேற நாள் குறித்தவர்கள் ஒரு மாதத்துக்கு முன்பே பூட்ஸை வாங்கிவிடுங்கள். கடைக்கு மாலையில் போங்கள், அப்போதுதான் பாதம் சற்று வீங்கியிருக்கும். நடக்கும்போது போடப்போகிற காலுறைகளையும் கையோடு எடுத்துப் போங்கள். முதல் வாரம் வீட்டுக்குள்ளேயே தினமும் அரை மணி நேரம் நடந்தால் போதும்.