நெல்மணி விழிக்கும் விதம்

குற்றாலத்தில் சாரல் தொடங்கிச் சிற்றாற்றில் நீர் பெருகியதும், தென்காசி வட்டாரத்து உழவர் கார் சாகுபடிக்கு விதைநெல்லை ஊறவைப்பர். ஒரு நாள் ஊறிய நெல்லை நீர் வடித்துச் சாக்கில் கட்டி மூடிவைத்தால், மறுநாள் வெண்முளை எட்டிப் பார்க்கும். இடையில் நிகழ்வது யாது?

நெல்லின் பெரும்பகுதி மாவுச்சத்து. முளைக்கரு அதனை அப்படியே உண்ண இயலாது. நீர் ஊறியதும் கரு, ஜிப்பரெல்லின் என்னும் ஹார்மோனைச் சுரக்கிறது. அது மாவைச் சூழ்ந்துள்ள மெல்லிய உயிரணு அடுக்கை அடைகிறது. அரிசி தீட்டும்போது தவிட்டோடு போய்விடும் அடுக்கு அது. அவ்வடுக்கு அமைலேஸ் என்னும் நொதியை ஆக்கி அனுப்ப, மாவு சர்க்கரையாகிறது. ஹார்மோன் ஏவுகிறது, நொதி பணிபுரிகிறது என்றே நான் வகுப்பில் கூறுவது வழக்கம்.

இந்த ஹார்மோனை உலகம் அறிந்ததும் நெல்லாலேதான். நாற்றுகளை அளவுமீறி நெட்டையாக்கும் நோய்க்கு ஒரு பூஞ்சையின் சுரப்பே காரணம் என 1926-இல் ஜப்பானிய அறிஞர் குரோசாவா காட்டினார். 1935-இல் யபுதா அப்பொருளுக்குப் பெயரிட்டார்.

அப்சிசிக் அமிலம் என்னும் வேறொரு ஹார்மோன் விதையின் உறக்கத்தைக் காக்கிறது. உறக்கமற்ற நெல், அறுவடை வேளையில் மழையில் சாய்ந்து நனைந்தால் கதிரிலேயே முளைத்துவிடும். அரிசிக்கும் ஆகாது, விதைக்கும் ஆகாது. ஆதலின் மழையில் அறுக்கும் பயிருக்கு, சில வாரமேனும் உறங்கும் விதையுடைய ரகங்களையே ஆராய்ச்சியாளர் நாடுகின்றனர்.