அண்ணன் மகளுக்கு ஒரு கார்

அண்ணன் மகளுக்கு 19 வயது. கிணத்துக்கடவில் வீடு, கோவையில் கல்லூரி. போன மாதம்தான் லைசென்ஸ் வந்தது. அண்ணனுக்கு பைக் தவிர வேறெதுவும் ஓட்ட வராது என்பதால், வாங்கப்போகும் கார் அவளுக்கு மட்டுமல்ல, அந்த வீட்டுக்கே முதல் கார். 4 லட்சம் ரூபாய், அதற்கு மேல் கிடையாது என்று அண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார். "சித்தப்பா, பார்க்க ஸ்டைலா இருக்கோணும், ஓட்ட ஜாலியா இருக்கோணும்" என்றாள் அவள். அப்பத்தா பின்சீட்டில் சிரமமில்லாமல் ஏறி இறங்க வேண்டும் என்பது அண்ணியின் கவலை. பெட்ரோல் செலவு அண்ணனுடையது.

நான் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயர். விபத்தில் அடிபட்ட காரைப் பட்டறையில் போய்ப் பார்த்து, எது உடைந்தது, எதைச் சரிசெய்யலாம், எதை மாற்ற வேண்டும் என்று எழுதிக் கொடுப்பது என் பிழைப்பு. ஒரே மாதிரி மோதிய இரண்டு வண்டிகளில் ஒன்றின் டிரைவர் சீட் அப்படியே இருக்கும். இன்னொன்றில் ஸ்டியரிங் சீட்டுக்குள் வந்திருக்கும். இதைப் பல வருடம் பார்த்தவன் என்பதால் அவர்களிடம் நான் ஒரே ஒரு நிபந்தனை வைத்தேன். கொண்டுவரும் பணம் முதலில் பாடிக்கும் பிரேக்குக்கும் டயருக்கும் போக வேண்டும். மிச்சம் இருந்தால்தான் டச் ஸ்கிரீனும் அலாய் வீலும்.

நாங்கள் தேடியது பழைய கார். பழைய கார் வாங்குகிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது தயாரித்த மாதமும் வருடமும். 2019 ஜூலை 1 முதல் நம் நாட்டில் விற்கும் எல்லாப் புதுக் கார்களிலும் டிரைவர் பக்க ஏர்பேக், சீட் பெல்ட் எச்சரிக்கை, பின்னால் பார்க்கிங் சென்சார், வேகம் கூடினால் கத்தும் அலாரம் எல்லாம் கட்டாயம். ஏ.பி.எஸ். பிரேக் அதே வருடம் ஏப்ரலிலேயே கட்டாயமாகிவிட்டது. முன்சீட்டில் பக்கத்தில் இருப்பவருக்கான ஏர்பேக், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கும் 2021 முடிவோடு கட்டாயமானது. அதற்கு முந்தைய கார்களிலும் இவை உண்டு, ஆனால் பெரும்பாலும் டாப் வேரியன்ட்டில்தான் இருக்கும். எந்த வேரியன்ட் என்று ஆர்.சி.யையும் வண்டியையும் ஒப்பிட்டுப் பார்த்தே நம்ப வேண்டும். 4 லட்சத்துக்கு 2015-இன் பெரிய செடானும் கிடைக்கும், 2020-இன் சாதாரண ஹேட்ச்பேக்கும் கிடைக்கும். புதிதாக ஓட்டப் பழகும் பிள்ளைக்கு நான் யோசிக்காமல் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

ஏர்பேக் எவ்வளவு வித்தியாசம் செய்யும் என்பதற்கு 2014-இல் குளோபல் என்கேப் அமைப்பு இந்தியக் கார்களை முதன்முதலாக மோதவிட்டுச் சோதித்ததைச் சொல்லலாம். ஆல்டோ 800, நானோ, ஐ10, ஃபிகோ, போலோ ஐந்தும் பூஜ்யம் நட்சத்திரம். இதில் ஃபிகோ, போலோ இரண்டின் கூடு மட்டும் நன்றாகத் தாங்கியது, ஆனால் சோதித்த வண்டிகளில் ஏர்பேக் இல்லை. அதே போலோவை இரண்டு ஏர்பேக்கோடு மோதவிட்டபோது பெரியவர்களுக்கான பாதுகாப்பில் 4 நட்சத்திரம் வந்தது. இரும்பு அதேதான். ஆனால் இதைத் திருப்பிப் போட முடியாது. கூடு நசுங்குகிற வண்டியில் பலூன் மட்டும் விரிந்து என்ன பயன்?

அதற்குப் பிறகு நம் கம்பெனிகள் வேகமாக மாறின. 2018 டிசம்பரில் டாடா நெக்ஸான் 5 நட்சத்திரம் வாங்கியது, இந்தியாவில் தயாரான கார்களில் அதுவே முதல். 2020 ஜனவரியில் ஆல்ட்ராஸுக்கு 5, டியாகோவுக்கு 4. எங்கள் பெண் மனதில் வைத்திருந்த ஸ்விஃப்ட்டுக்கு 2018 சோதனையில் 2 நட்சத்திரம். ஓட்டுவதற்கு அது அருமையான வண்டி, அதை மறுக்க மாட்டேன். ஆனால் இந்த வயதில், இந்த அனுபவத்தில், 4 நட்சத்திர வண்டி அதே விலைக்குக் கிடைக்கும்போது 2 நட்சத்திரத்துக்கு என்னால் தலையாட்ட முடியவில்லை. இன்னொன்றும் சொல்ல வேண்டும். பழைய சோதனை, மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் முன்பக்கத்தின் ஒரு பகுதியை மட்டும் மோதவிடுவது. 2022 ஜூலை முதல் விதிகளைக் கடுமையாக்கி, பக்கவாட்டு மோதலையும் சேர்த்துவிட்டார்கள். ஆகவே 2020-இல் வாங்கிய 4-ஐயும் 2024-இல் வாங்கிய 4-ஐயும் ஒரே தராசில் நிறுத்தக் கூடாது. 2023 அக்டோபரில் நம் அரசின் பாரத் என்கேப்பும் தொடங்கிவிட்டது. விளம்பரத்தில் நட்சத்திரத்தைப் பார்த்தால், எந்த வருடச் சோதனை, எத்தனை ஏர்பேக் வைத்த வண்டி என்று கேட்டுவிடுங்கள்.

"அப்ப ஜாலி?" என்றாள். நியாயமான கேள்வி. 19 வயதில் கார் வாங்கிவிட்டு அதில் சந்தோஷம் இல்லையென்றால் அந்தக் கார் எதற்கு? ஆனால் ஓட்டும் சந்தோஷம் எஞ்சினின் பலத்தில் மட்டும் இல்லை என்பதற்கு எங்கள் கோவையே சாட்சி. பந்தய வீரர் கரிவரதன் இங்கே இருந்துகொண்டுதான், மாருதி 800 எஞ்சினைப் பொருத்தி ஒற்றை இருக்கை ரேஸ் கார்களைக் கட்டினார். ரோட்டில் ஓடிய மாருதி 800-இன் சக்தி வெறும் 37 பி.எச்.பி. ஆனால் அந்த ரேஸ் வண்டி எடை இல்லாதது, தரையோடு ஒட்டியது, ஓட்டுகிறவர் கை அசைத்தால் உடனே திரும்பும். 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் ஓடிய முதல் இந்தியர் நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரர்தான். அவருடைய முதல் பந்தயம், மாருதி எஞ்சின் பொருத்திய அதே ஃபார்முலா மாருதி வண்டியில். நம் பெண்ணுக்கு நான் பார்த்துவைத்த டியாகோ பெட்ரோலுக்கு 1199 சி.சி., மாருதி 800-ஐப்போல இரண்டு மடங்குக்கு மேல் சக்தி. பழகுகிறவளுக்கு இது தாராளம். கியரை அவளே மாற்றட்டும் என்று மேனுவல்தான் சொன்னேன். எந்த மேட்டுக்கு எந்த கியர் என்று கையும் காலும் தானாகக் கற்றுக்கொள்வது ஒரு தனிச் சந்தோஷம். போலோவும் எனக்குப் பிடித்த வண்டிதான், இறுக்கமான கட்டுமானம், ஓட்ட சுகம். ஆனால் 2022-இல் அது நின்றுவிட்டது, பாகங்கள் விலையும் கூடுதல். மாணவியின் கைக்காசுக்கு அது ஆகாது.

விலை பேசப் போகும் முன்பு ஒரு போன் போட்டு, அதே மாடல் புது வண்டி இன்று ஆன்ரோடு என்ன விலை என்று கேட்டுக்கொள்ளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சின்னக் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது. முன்பு 28 சதவீதம், அதற்கு மேல் செஸ் வேறு. புது வண்டி விலை இறங்கினால் பழைய வண்டி விலையும் இறங்கத்தானே வேண்டும்? விற்கிறவர்கள் பெரும்பாலும் பழைய விலையை மனதில் வைத்துத்தான் பேசுவார்கள்.

முதலில் பார்த்த வண்டி ஒரு ஆட்டோ கன்சல்டிங்கில் நின்றது. வெள்ளை நிறம், கண்ணாடி போல பாலிஷ், ஓட்டம் வெறும் 31,000 என்றார்கள். சாவியை ஒரு திருப்புத் திருப்பி, ஸ்டார்ட் பண்ணாமல் மீட்டர் போர்டைப் பார்க்கச் சொன்னேன். எஞ்சின், பேட்டரி, ஆயில், ஏ.பி.எஸ். விளக்குகள் எல்லாம் எரிந்தன. ஆள் உட்கார்ந்து முன்னால் பலூன் இருப்பது போன்ற படம் போட்ட விளக்கு, அதாவது ஏர்பேக் விளக்கு, எரியவே இல்லை. அது சில விநாடி எரிந்து அணைய வேண்டும். அணையாமல் நின்றால் கோளாறு இருக்கிறது என்று அர்த்தம், எரியவே இல்லையென்றால் கோளாறு தெரியக் கூடாதென்று யாரோ விளக்கையே அடக்கிவிட்டார்கள் என்று சந்தேகப்பட வேண்டும். ஸ்டியரிங்கின் நடுமூடியைத் தடவிப் பார்த்தேன். சுற்றியுள்ள இடைவெளி ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் ஒட்டு. மூடியின் சொரசொரப்பும் ஸ்டியரிங்கின் சொரசொரப்பும் ஒத்துப்போகவில்லை. முன்னால் எப்போதோ பலூன் விரிந்திருக்கிறது, புதுசு போடாமல் மூடி மட்டும் போட்டிருக்கிறார்கள். "பல்பு போயிருக்குங்கண்ணா, மாத்திக் குடுத்தர்றேன்" என்றார் அங்கிருந்தவர். "வேண்டாங்க" என்று எழுந்துவிட்டோம். அவளுக்கு அந்த மூடியின் மேலேயே விரலை வைத்துக் காட்டினேன், இனி அவளை யாரும் அதில் ஏமாற்ற முடியாது.

இதைவிட எளிய வழி ஒன்று உண்டு, பலருக்கும் தெரியாது. விற்கிறவரின் இன்சூரன்ஸ் பாலிசியை வாங்கி நோ கிளைம் போனஸ் என்ற வரியைப் பாருங்கள். கிளைம் வாங்காமல் இருந்தால் அது வருடா வருடம் 20, 25, 35, 45 என்று ஏறி, ஐந்து வருடத்தில் 50 சதவீதத்தில் நிற்கும். வண்டி வாங்கி ஐந்து வருடம் ஆன முதல் ஓனர், போனஸ் பூஜ்யம் என்றால், சமீபத்தில் ஏதோ ஒன்று நடந்திருக்க வாய்ப்பு அதிகம். என்ன என்று நேரடியாகக் கேளுங்கள். சின்ன பம்பர் உரசலாகவும் இருக்கலாம். பில் இருந்தால் காட்டச் சொல்லுங்கள். பழுது பார்க்கும் செலவு வண்டியின் காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் நாங்கள் டோட்டல் லாஸ் என்று எழுதிவிடுவோம். அப்படி எழுதிய வண்டிகளும் டிங்கரிங் பார்த்து, பெயிண்ட் அடித்து, மறுபடி விற்பனைக்கு வருகின்றன.

விபத்து மட்டுமல்ல, வெள்ளத்தில் நின்ற வண்டியும் உண்டு. 2023 டிசம்பரில் சென்னையில் மிக்ஜாம் புயல், அதே மாதம் நெல்லையிலும் தூத்துக்குடியிலும் பெருவெள்ளம். தண்ணீரில் நின்ற கார்கள் ஊர் மாறி வரும். சீட் பெல்ட்டை முழுக்க, கடைசி அங்குலம் வரை இழுத்துப் பாருங்கள். கழுவுகிறவர்கள் சீட்டைக் கழுவுவார்கள், உள்ளே சுருண்டிருக்கும் பெல்ட்டின் அடிப்பகுதியை மறந்துவிடுவார்கள். அங்கே சேற்றுக் கோடு இருந்தால் பேச்சே வேண்டாம். ஸ்டெப்னி வைக்கும் குழியையும் சீட்டுக்கு அடியில் ஓடும் தண்டவாளத்தையும் பார்த்தால் துரு சொல்லிவிடும்.

கடைசியில் அமைந்தது சூலூரில் ஓய்வுபெற்ற ஒரு பெரியவரின் 2020 டியாகோ. "நாங்க வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ண வேண்டாங்க" என்று முன்பே சொல்லியிருந்தேன். போனதும் பானெட்டில் கை வைத்துப் பார்த்தால் சில்லென்று இருந்தது. எஞ்சினின் நிஜமான குணம் குளிர்ந்து கிடக்கும்போது முதல் ஸ்டார்ட்டில்தான் தெரியும். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. இங்கே இரண்டும் இல்லை. டயரில் 0820 என்றிருந்தது, அதாவது 2020-இன் எட்டாவது வாரம். பட்டன் இன்னும் இருந்தது, ஆனால் ரப்பர் இறுகிப் பக்கவாட்டில் மயிர் வெடிப்பு. நாலு டயருக்கான காசைக் குறைத்துக் கேட்டேன். பெரியவர் நியாயஸ்தர், 3,70,000-க்கு ஒப்புக்கொண்டார். மிச்சப் பணத்தில் அன்றைக்கே புது டயர்.

ஆர்.சி.யை அண்ணன் தன் பெயரில் போடத்தான் நினைத்தார். நான்தான் மகள் பெயரில் போடச் சொன்னேன். காரணம் இருக்கிறது. பாலிசியோடு எடுக்கும் 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு, வண்டியின் உரிமையாளர் லைசென்ஸ் உள்ளவராக இருந்தால்தான் செல்லும். அண்ணனிடம் கார் லைசென்ஸ் இல்லை. ஓட்டப்போகிறவள் அவள், அந்தக் காப்பு அவளுக்குத்தான் வேண்டும். பழைய பாலிசியை 14 நாட்களுக்குள் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். விற்றவரின் நோ கிளைம் போனஸ் அவரோடு போய்விடும், அந்த வித்தியாசத் தொகையை நாம் கட்ட வேண்டும். இதை விட்டுவிட்டு மோதிய பிறகு என்னிடம் வருகிறவர்களுக்கு நான் எழுதிக் கொடுக்க எதுவும் இருப்பதில்லை.

பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைக்கு வண்டியைக் கொடுக்கும் பெற்றோரிடம் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 2019-இல் திருத்திய சட்டப்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று வருடம் வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம், ஆர்.சி. ஒரு வருடம் ரத்து. பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது. 18 வரை பொறுத்திருங்கள்.

வண்டி வந்த முதல் ஞாயிறு, ஆள் இல்லாத மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். 40 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது "அழுத்து" என்றேன். அழுத்தினாள், பெடல் காலடியில் கடகடவென்று உதைத்தது, பயந்து காலை எடுத்துவிட்டாள். புதிதாக ஓட்டுகிறவர்கள் எல்லோரும் இதைத்தான் செய்வார்கள். அந்த உதைப்புதான் ஏ.பி.எஸ். வேலை செய்யும் அடையாளம், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் விட்டு விட்டுப் பிடிக்கிறது. "காலை எடுக்காதே சாமி, அழுத்திக்கிட்டே ஸ்டியரிங்கத் திருப்பு" என்றேன். மறுபடி, மறுபடி. ஒரு கட்டத்தில் அவளே சிரித்துக்கொண்டு, கல்லை வைத்துவிட்டு அதைச் சுற்றித் திருப்பினாள். சந்தோஷமும் பாதுகாப்பும் அன்றைக்கு ஒரே இடத்தில் கிடைத்தன.

வீட்டில் பேசி வைத்த விதிகள் கொஞ்சம்தான். முதல் மூன்று மாதம் கூட ஒரு தோழிக்கு மேல் ஏற்றக் கூடாது. ராத்திரி மழையில் வண்டி எடுக்க வேண்டாம். அப்பத்தா உட்பட பின்சீட்டில் எல்லோரும் பெல்ட் போட வேண்டும். 2022-இல் தொழிலதிபர் சைரஸ் மிஸ்திரி கார் விபத்தில் பின்சீட்டில் இருந்துதான் இறந்தார், அவர் பெல்ட் போடவில்லை என்று போலீஸ் சொன்னது. பெல்ட் அலாரத்தை ஏமாற்ற விற்கும் வெறும் கிளிப்பை வாங்கி வந்தால் சாவி என்னிடம் வந்துவிடும். ஏறுகிற வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும், இறங்கும்போது பிரேக்கை மட்டும் நம்பாமல் இரண்டாவது கியரிலேயே வர வேண்டும் என்பதையெல்லாம் ஆழியாறுக்கு மேலே வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் நானே கூட உட்கார்ந்து சொல்லித் தருவதாக இருக்கிறேன். புது டயர் 500 கிலோமீட்டராவது ஓடிப் பழகட்டும், பொங்கல் லீவில் போகலாம் என்று சொல்லியிருக்கிறேன்.