வாழைப்பழத்துக்கு 23 சதவீதம் தள்ளுபடியா?

மலிவு விலைக் கடை என்றாலே தரக்குறைவு என்று பலர் முடிவு கட்டிவிடுகிறார்கள். ஜெர்மனியின் ஆல்டி வளர்ந்த விதம் அப்படிச் சொல்லவில்லை. 1913-இல் எஸன் நகரில் ஆல்பிரெக்ட் குடும்பம் தொடங்கிய சிறு கடையை 1946-இல் கார்ல், தியோ சகோதரர்கள் ஏற்றார்கள். சிகரெட் விற்பது பற்றிய தகராறில் 1960-களின் தொடக்கத்தில் நிறுவனம் வடக்கு, தெற்கு என்று இரண்டானது. வியாபார முறை மட்டும் மாறவில்லை. பெரிய சூப்பர்மார்க்கெட்டில் 20,000-க்கும் மேற்பட்ட சரக்குகள் இருக்கும். ஆல்டியில் ஏறத்தாழ 2,000 தான், அவற்றில் பெரும்பாலானவை கடையின் சொந்த பிராண்டுகள். சரக்கை வந்த அட்டைப்பெட்டியோடே அடுக்கிவிடுகிறார்கள். தள்ளுவண்டியின் பூட்டில் போட்ட நாணயத்தைத் திரும்பப் பெறுவதற்காக வாடிக்கையாளரே வண்டியைக் கொண்டுபோய் நிறுத்துகிறார். கல்லாவில் தேட வேண்டாம் என்று பாக்கெட்டின் பல பக்கங்களிலும் பார்கோடு. இப்படி மிச்சமாகும் கூலிதான் விலையில் குறைகிறது. 1967-இல் ஆஸ்திரியா, 1976-இல் அமெரிக்கா, 1990-இல் பிரிட்டன், 2001-இல் ஆஸ்திரேலியா, 2019-இல் ஷாங்காய் என்று இந்த முறை பரவியதற்குக் காரணம் அதுவே.

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. இங்கே எல்லாமே மலிவு என்று நம்பியபின் யாரும் விலைச்சீட்டைக் கூர்ந்து படிப்பதில்லை. 2022 அக்டோபரில் ஆல்டி தெற்கு வெளியிட்ட விளம்பரத் தாளில் வாழைப்பழம் 1.69 யூரோவிலிருந்து 1.29-க்கு இறங்கியதாகவும், 23 சதவீதம் தள்ளுபடி என்றும் இருந்தது. அதே விளம்பரத்தில், கடந்த 30 நாட்களின் மிகக் குறைந்த விலையும் 1.29 தான் என்று குறிப்பு. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநில நுகர்வோர் மையம் வழக்குத் தொடுத்தது. 30 நாள் குறைந்தபட்ச விலையிலிருந்தே தள்ளுபடியைக் கணக்கிட வேண்டும் என்று 2024 செப்டம்பர் 26 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

உண்மை விலையையும் அச்சிட்டுத்தானே இருந்தார்கள், அதில் என்ன குற்றம் என்று கேட்கலாம். கடைக்குள் கூடையோடு நிற்பவரின் கண் சதவீதத்தில்தான் விழுகிறது. குறிப்பு அதைத் திருத்திவிடாது. இவ்வளவு கெடுபிடி செய்தால் விலை குறைக்கவே தயங்குவார்கள் என்ற வாதமும் நிற்காது. எந்த விலைக்கும் விற்கலாம், கணக்கை மட்டும் நேர்மையாகச் சொல் என்பதே தீர்ப்பு. கெட்டுப்போகும் நிலையில் உள்ள சரக்கைத் தனியே விலை குறைப்பதற்கு ஜெர்மனியில் விலக்கும் உண்டு.

ஐரோப்பிய ஒன்றியத்தின் இந்த விதி பிரிட்டனையும் சுவிட்சர்லாந்தையும் கட்டுப்படுத்தாது. ஆனால் ஒரு கிலோ, ஒரு லிட்டர் விலையைக் காட்ட வேண்டும் என்ற சட்டம் அங்கும் இருக்கிறது. பாக்கெட் விலையை விட்டுவிட்டு, விலைச்சீட்டின் ஓரத்தில் இருக்கும் அந்தக் கிலோ விலையை ஒப்பிடுங்கள். ஜெர்மனியில் இருப்பவர்கள் தள்ளுபடியில் சந்தேகம் வந்தால் விளம்பரத் தாளையும் பில்லையும் எடுத்து வைத்து, உங்கள் மாநில நுகர்வோர் மையத்துக்கு அனுப்புங்கள். கடைக்கு நோட்டீஸ் அனுப்பவும், தேவைப்பட்டால் வழக்குப் போடவும் அதற்கு அதிகாரம் உண்டு. நீங்கள் நீதிமன்றம் ஏற வேண்டியதில்லை.