மதகாய்க் கிடந்த தமிழ்

காலிக் கோட்டையின் பழைய வாயிலை இருபுறமும் நின்று நோக்குதல் வேண்டும். புறத்தே ஆங்கிலேயர் இலச்சினை. உட்புகுந்து திரும்பினால், ஒல்லாந்தக் கும்பனியின் சிங்கங்களும் சேவலும், 1669 என்னும் ஆண்டும். போர்த்துக்கேயரிடம் 1640 இல் பறித்த கோட்டையை ஒல்லாந்தர் 1796 இல் ஆங்கிலேயரிடம் இழந்தனர். கொடிகள் மாறின, கயிறு திரித்த தெரு மட்டும் இன்றும் லெயின்பான் வீதியே.

ஆயினும் என் நெஞ்சம் நாடியது மதிலையன்று, ஒரு மதகை. சீனக் கடற்றலைவர் செங் ஹோ 1409 ஆம் ஆண்டிட்டுக் கொணர்ந்த கல், 1911 இல் இந்நகரிலே மதகின் மூடுகல்லாய்க் கிடந்து வெளிப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என மும்மொழி அதன்கண் உள. தேனாவரை நாயனாருக்கு அளித்த பொன், வெள்ளி, பட்டு ஆகியவற்றைத் தமிழ்ப்பகுதி கூறும். இக்கரையில் தமிழ் பெற்றிருந்த மதிப்புக்கு வேறு சான்றும் வேண்டுமோ? எத்தனை வண்டிகள் அதன்மேல் உருண்டனவோ!

கல் இப்பொழுது கொழும்பு நூதனசாலையில் உளது. மதகிருந்த இடத்தை வினவினேன், காட்டுவாரிலர்.